ஆர்டர் கேன்சல் ஆனா நஷ்டம் யாருக்கு?

(அவிநாசியில் நடந்த இளைஞர் பயிற்சி முகாமில் நம் தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க, பனியன் கம்பெனியில வேலை பார்க்கிற உங்க நண்பர்களுக்கும் அனுப்புங்க.)



ஞாயித்துக்கிழமை லீவையும் விட்டுட்டு வந்திருக்கீங்க, அதுக்கு முதல்ல நன்றி. எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் ஐ.டி. அணியில போஸ்டர் போடுறவன், டேட்டா பார்க்கிறவன். படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். எங்க வகுப்புல பாதிப் பேர் மாதிரி நானும் படிச்ச வேலையைத் தவிர மத்த எல்லாம் பார்க்கிறேன். ஆனா நாலாவது வருஷத்துல படிச்ச ஒரு பாடம் மட்டும் மனசுல நின்னுச்சு. சப்ளை செயின். அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

1975ல நடந்த ஒரு கதை. ஸ்பெயின் நாட்டோட வடமேற்கு மூலையில கலீசியான்னு ஒரு பகுதி, அதுல லா கொருன்யான்னு ஒரு கடலோர ஊர். ரயில்வே தொழிலாளியோட மகன் ஒருத்தர், சின்ன வயசுலயே படிப்பை விட்டுட்டு சட்டைக் கடையில வேலைக்குச் சேர்ந்தவர். 1963ல சொந்தமா ஒரு தையல் யூனிட் போட்டார். பாத்ரோப், உள்ளாடை மாதிரி ஐட்டங்கள். ஓரளவு ஓடிக்கிட்டு இருந்தது. 1975ல ஒரு ஜெர்மன் மொத்த வியாபாரி பெரிய ஆர்டர் ஒண்ணைத் திடீர்னு கேன்சல் பண்ணிட்டார். கையில இருந்த முதல் மொத்தமும் அந்தச் சரக்குல போட்டாச்சு. கம்பெனியே மூடுற நிலைமை.

திருப்பூர்க்காரங்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். கேன்சல் ஆன சரக்கை நம்ம ஊர்ல என்ன பண்ணுவாங்க? ஸ்டாக் லாட்டா காதர்பேட்டைக்குப் போகும். அவரும் கிட்டத்தட்ட அதைத்தான் பண்ணினார். பேக்டரிக்குப் பக்கத்துல ஒரு கடை எடுத்து, அந்தச் சரக்கைத் தானே வித்தார். கடைக்குப் பேர் ஜாரா. அவர் பேர் அமான்சியோ ஒர்டேகா. இன்னிக்கு உலகத்தோட பெரிய பணக்காரர்கள்ல ஒருத்தர். ஜாராவை நடத்துற இன்டிடெக்ஸ் குழுமம் அவர் உருவாக்கினது. 2004ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவுல வந்த ஒரு கட்டுரை ஜாராவோட வேலை முறையை அக்கு அக்கா பிரிச்சுக் காட்டுச்சு. இந்தக் கேன்சல் கதையும் அதுல இருக்கு. ஒரு கை பேக்டரி மேல இருக்கணும், இன்னொரு கை வாடிக்கையாளர் மேல இருக்கணும், நடுவுல இன்னொருத்தனை நம்பினா நாம காலி. இதுதான் அவர் கத்துக்கிட்ட பாடம்.

இதை ஞாபகம் வைச்சுக்கங்க. பேச்சு முழுக்க இந்தக் கேன்சல் திரும்பத் திரும்ப வரும்.

சரி, பேஷன் வியாபாரத்துல அடிப்படைப் பிரச்சினை என்ன? கோயில் வாசல்ல பூ விக்கிற அக்காவைப் பாருங்க. காலையில எத்தனை கிலோ எடுக்கணும்னு அவங்க ஒரு கணக்குப் போடணும். கம்மியா எடுத்தா சாயங்காலக் கூட்டத்தை விட்டுடுவாங்க. அதிகமா எடுத்தா ராத்திரி குப்பைக்குப் போகும். துணிக் கடையும் அதேதான். ஆனா பூக்கார அக்கா அன்னிக்குக் காலையில முடிவு பண்றாங்க, பழைய மாடல் துணிக் கம்பெனி ஆறு மாசத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். அடுத்த குளிர்காலத்துல பச்சை ஓடுமா, பழுப்பு ஓடுமான்னு இந்த வெயில்லயே ஆர்டர் போட்டாகணும். தப்பாப் போனா? தள்ளுபடி. "50% ஆஃபர்"னு போர்டு பார்த்தா நமக்கு சந்தோஷம். பல நேரம் அது அவங்க கணிப்பு தப்பாப் போச்சுன்னு அவங்களே மாட்டின போர்டு.

ஒரு சின்னக் கணக்கு. இது உதாரணத்துக்கு நானா வைச்ச எண்கள்தான். ஒரு சட்டையைத் தூர தேசத்துல தைச்சா அடக்கம் 400 ரூபா, கடை விலை 1,000 ரூபா. ஆறு மாசம் முன்னாடியே 1,000 பீஸ் ஆர்டர். 600 பீஸ் முழு விலைக்குப் போச்சு, மீதி 400 பீஸை 250 ரூபாய்க்குத் தள்ள வேண்டியதாச்சு. வரவு 7 லட்சம், செலவு 4 லட்சம், லாபம் 3 லட்சம். இப்ப அதே சட்டையைப் பக்கத்து ஊர்லயே தைக்கிறோம். அடக்கம் 480 ரூபா, அதாவது 20% அதிகம். ஆனா முதல்ல கொஞ்சம் மட்டும் தைச்சு, எந்தக் கலர் ஓடுதுன்னு பார்த்து, அதை மட்டும் மறுபடி தைக்கிறோம். மொத்தம் 700 பீஸ். 650 முழு விலைக்கு, 50 மட்டும் தள்ளுபடியில. வரவு 6,62,500. செலவு 3,36,000. லாபம் 3,26,500. பீஸுக்கு 80 ரூபா கூடக் கொடுத்தும் லாபம் ஜாஸ்தி. ஒர்டேகா புரிஞ்சுக்கிட்டது இந்தக் கணக்கைத்தான். தையல் கூலியில மிச்சம் பிடிக்கிறதை விட, முடிவைத் தள்ளிப் போட முடிஞ்சா அதுல மிச்சம் அதிகம்.

எப்படித் தள்ளிப் போடுறது? புரோட்டா கடைக்குப் போங்க. மாஸ்டர் சாயங்காலமே உருண்டை பிடிச்சு வைச்சிருப்பார். நீங்க உட்கார்ந்து சொன்ன பிறகுதான் அது சாதாவா, முட்டையா, கொத்தான்னு முடிவாகும். ஜாரா வாங்கின துணியில பாதிக்கு மேல சாயம் போடாத துணின்னு அந்தக் கட்டுரை சொல்லுது. சீசன் நடுவுல எந்தக் கலர் ஓடுதோ அந்தக் கலர்ல முக்கிக்கலாம். இது ஜாரா கண்டுபிடிச்சதும் இல்ல. இத்தாலியோட பெனட்டன் முன்னாடியே ஸ்வெட்டரைப் பின்னி வைச்சுட்டு, கடைசியில சாயம் போடுற முறையைக் கொண்டு வந்துட்டாங்க.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஜாரா தன்னோட பேக்டரிகளைப் பெரும்பாலும் ஒரே ஷிப்ட்ல ஓட்டுச்சு. வேணும்னே கொள்ளளவைச் சும்மா விட்டு வைச்சாங்க. நம்ம ஊர்ல ஒன்றரை ஷிப்ட் ஓட்டலன்னா முதலாளிக்குத் தூக்கம் வராது. ஆனா இன்ஜினியரிங்ல வரிசைக் கோட்பாடுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு மெஷின் 60% வேலையில இருக்கும்போது புது வேலை உள்ள வந்தா காத்திருப்பு கொஞ்சம்தான். 95% ஆச்சுன்னா காத்திருப்பு பல மடங்காகும். சாயங்காலம் 6 மணிக்கு அவிநாசி ரோட்ல ஒரு ஆட்டோ நின்னா என்ன ஆகும்? அதே ஆட்டோ காலையில 5 மணிக்கு நின்னா என்ன ஆகும்? அவ்வளவுதான் கோட்பாடு. சும்மா இருக்கிற மெஷினை வீண்னு நினைக்காம, அவசரத்துக்கு உதவுற காப்பீடுன்னு அவங்க நினைச்சாங்க.

இது போக, கடை மேனேஜர்கள் வாரம் ரெண்டு தடவை ஆர்டர் போடணும், வாரம் ரெண்டு தடவை சரக்கு வரும். டிசைன்ல இருந்து கடைக்கு 15 நாள்ல வர முடிஞ்சது. தையலுக்கு கலீசியாவிலயும் வடக்கு போர்ச்சுகல்லயும் இருந்த சின்னச் சின்னப் பட்டறைகள். விக்காம மிஞ்சுறது மத்தவங்களுக்கு 17 முதல் 20%ன்னா ஜாராவுக்கு 10%க்கும் கீழேன்னு அதே 2004 கட்டுரை எழுதுச்சு.

இதைக் கேட்டு "ஆஹா"ன்னு கை தட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நான் கல்லூரியில படிக்கும்போதும் இதோட நிறுத்திட்டாங்க. பாடப்புத்தகக் கதை இங்க முடிஞ்சிடும். நம்ம கதை இங்கதான் ஆரம்பிக்குது.

ஜாரா எல்லாத்தையும் பக்கத்துலயே தைக்கல. ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கியில தைக்கிறது அவசரமான, கணிக்க முடியாத சரக்கு. வருஷம் பூரா ஓடுற சாதா டி-ஷர்ட் மாதிரி, கணிப்புக்கு வேலையே இல்லாத சரக்கு பெரும்பாலும் ஆசியாவுல இருந்து போகுது. இந்தியாவுல இருந்தும் வாங்குறாங்க, பங்களாதேஷ்ல இருந்தும் வாங்குறாங்க. இந்தப் பிரிவினையைக் கவனிங்க. வேகத்துக்கு விலை கிடைக்கிற வேலை அவங்க வீட்டுப் பக்கத்துல. விலை ஒண்ணு மட்டுமே பேசுற வேலை நமக்கு. சாதா டி-ஷர்ட்டை நம்மகிட்ட வாங்கலாம், டாக்காவுல வாங்கலாம், எத்தியோப்பியாவுல வாங்கலாம். ஒரு பீஸுக்கு 5 சென்ட் குறைச்சாப் போதும், ஆர்டர் கப்பல் ஏறிப் போயிடும்.

இதை விட மோசம் ஒண்ணு இருக்கு. ஜாராவைப் பார்த்து மத்த பிராண்டுகளுக்கும் ஆசை வந்துச்சு. நாமளும் முடிவைக் கடைசி வரைக்கும் தள்ளிப் போடணும். ஆனா அதுக்காகச் சும்மா நிக்கிற மெஷினுக்குக் காசு கொடுக்கிறதுக்கோ, சாயம் போடாத துணியைத் தன் கணக்குல வாங்கி வைக்கிறதுக்கோ மனசில்ல. அப்ப என்ன பண்றது? முடிவை நான் தள்ளிப் போடுறேன், செலவை நீ ஏத்துக்கோ.

மெர்ச்சண்டைசரா வேலை பார்க்கிறவங்க இந்தக் கூட்டத்துலயே பத்துப் பேராவது இருப்பீங்க. லேப் டிப் அப்ரூவல் 10 நாள் லேட்டா வரும். ஷிப்மென்ட் தேதி ஒரு நாள் கூட நகராது. அந்த 10 நாளை எங்க இருந்து எடுக்கிறது? டையிங்ல கொஞ்சம், காம்பேக்டிங்ல கொஞ்சம், மீதியெல்லாம் தையல்ல. செக்கிங் டேபிள்ல இருக்கிற அக்காவோட ராத்திரியில. அப்பவும் முடியலன்னா ஏர்ல அனுப்பணும், அந்த பில் எக்ஸ்போர்ட்டர் தலையில. 2023 கடைசியில இருந்து செங்கடல்ல கப்பல்கள் மேல தாக்குதல் நடந்து, ஐரோப்பா போற கப்பல் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக வேண்டியதாச்சு. ஒரு வாரம், ரெண்டு வாரம் கூடுதல். அந்த நாட்களும் இதே கணக்குலதான் சேர்ந்துச்சு.

இந்த அவசரம் எங்க வரைக்கும் போகும்னு உலகம் ஒரு தடவை பார்த்துச்சு. 2013 ஏப்ரல் 24, டாக்கா பக்கத்துல சவார். ராணா பிளாசா. முந்தின நாளே சுவர்ல விரிசல். கீழ்த் தளத்துல இருந்த வங்கியும் கடைகளும் மூடியாச்சு. மேல இருந்த தையல் கம்பெனித் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னாங்க. 1,100க்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. கட்டடத்தைச் சட்டவிரோதமா உயர்த்தினவனும் குற்றவாளிதான், உள்ளே போகச் சொன்னவங்களும் குற்றவாளிகள்தான். ஆனா விரிசலைப் பார்த்தும் ஒரு நாள் கூட மெஷினை நிறுத்த முடியாத நெருக்கடி எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்கணுமா இல்லையா?

அப்புறம் 2020.

நான் இந்தத் தலைப்புக்குக் கையைத் தூக்கினது இதுக்காகத்தான். எங்க பெரியப்பா 14 மெஷின் போட்டு பவர் டேபிள் நடத்திக்கிட்டு இருந்தார். மார்ச் மாசம் குழந்தைகளுக்கான பைஜாமா ஆர்டர். பச்சை டைனோசர் பிரிண்ட். கட்டிங் முடிஞ்சு, நம்பர் போட்டு, பண்டல் பண்டலா கட்டி எங்க ஷெட்டுக்கு வந்தாச்சு. முதல் ரெண்டு நாள் தையலும் ஆச்சு. அப்புறம் போன். "பையர் ஹோல்ட் பண்ணச் சொல்லிட்டான் அண்ணே." ஹோல்டுன்னா? எத்தனை நாள்? அவருக்கும் தெரியல. அந்த எக்ஸ்போர்ட்டரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் வாங்கின துணிக்கும் நூலுக்கும் அவருக்கே பணம் வரல. ஆனா பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவங்களுக்கு முடிச்சுக் கொடுத்த பீஸுக்குத்தான் காசு. டைலர்களுக்கு பெரியப்பா ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தார். ஒடிசா பசங்க நாலு பேர் ஊருக்குப் போகணும்னு நின்னாங்க. பெரியப்பா 6 மெஷினை வித்தார். இன்னும் திருப்பி வாங்கல. அந்தப் பண்டலை யாரும் வந்து எடுத்துட்டும் போகல. எங்க பெரியம்மா வீட்டுத் தலையணைகளுக்குள்ள இன்னிக்கும் அந்த டைனோசர்தான் இருக்கு.

பங்களாதேஷ்ல அந்த வருஷம் கேன்சல் ஆன, நிறுத்தி வைக்கப்பட்ட ஆர்டர்களோட மதிப்பு 300 கோடி டாலருக்கும் மேலன்னு அந்த நாட்டு ஆயத்த ஆடை உற்பத்தியாளர் சங்கம் சொன்னது. லட்சக்கணக்கானவங்க வேலை இல்லாம வீட்டுக்குப் போனாங்க. சில பிராண்டுகள், எச் அண்ட் எம், இன்டிடெக்ஸ் மாதிரி, தைச்ச சரக்குக்கும் தைச்சுக்கிட்டு இருக்கிற சரக்குக்கும் பணம் கொடுக்கிறோம்னு சீக்கிரமே அறிவிச்சாங்க. அதையும் சொல்லணும். கொடுக்க முடியும்னுதான் அர்த்தம்.

இப்ப 1975க்குத் திரும்பப் போங்க. ஒர்டேகாவுக்கும் கேன்சல், எங்க பெரியப்பாவுக்கும் கேன்சல். அவர் கடை திறந்தார். பெரியப்பா ஏன் திறக்கல? திறமை இல்லையா? ஒர்டேகாகிட்ட இருந்தது முழுசாத் தைச்ச சரக்கு, அவருக்குச் சொந்தமான சரக்கு, வாசல்ல நின்னா வாங்குறதுக்கு ஆள். பெரியப்பாகிட்ட இருந்தது வேற யாரோ வாங்கின துணியில வெட்டின துண்டு, வேற யாரோட லேபிள், எங்கேயோ இருக்கிற குழந்தைக்கான அளவு. இவருக்குச் சொந்தமானது அதுல போடற உழைப்பு மட்டும்தான். உழைப்பை ஸ்டாக் லாட்டா விக்க முடியாது.

புதுசா வந்திருக்கிற ஷீன் மாடல் இதை இன்னும் ஒரு படி கீழே இறக்கியிருக்கு. பெரும்பாலும் கடை கிடையாது, ஆன்லைன்தான். ஒரு டிசைனுக்கு முதல்ல 100, 200 பீஸ்தான் தைப்பாங்க. ஆப்ல ஓடினா உடனே மறு ஆர்டர், ஓடலன்னா டிசைனையே மறந்துடுவாங்க. தொழில்நுட்பமா பார்த்தா நான் அசந்து போறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த 100 பீஸைத் தைக்கிறது சீனாவுல குவாங்சோ நகரத்தோட பான்யு பகுதியில இருக்கிற சின்னச் சின்னப் பட்டறைகள். 2021ல பப்ளிக் ஐன்னு ஒரு சுவிட்சர்லாந்து அமைப்பு அங்க போய்ப் பார்த்துட்டு, வாரத்துக்கு 75 மணி நேரம் வேலை பார்க்கிறவங்க இருக்காங்கன்னு எழுதுச்சு. ஜாரா சும்மா விட்டு வைச்ச மெஷினுக்குக் காசு கொடுத்துச்சு. இங்க அந்தக் காசு மனுஷனோட தூக்கத்துல இருந்து வருது. 2020ல இந்தியாவுல தடை பண்ணின அதே ஆப், 2025ல ரிலையன்ஸ் மூலமா திரும்ப வந்தாச்சு. இங்கேயே தைக்கப் போறாங்கன்னு சொல்றாங்க. அந்த வேலை நம்ம பக்கம் வந்தா வேண்டாம்னு சொல்ல நான் ஆள் இல்ல. என்ன நிபந்தனையில வருதுன்னு முதல்ல கேட்கணும்.

நம்ம நாட்டுச் சட்டத்தைப் பாருங்க. 2006ஆம் வருஷத்து சிறு, குறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்குள்ள பணம் கொடுத்தாகணும். 2024 ஏப்ரல்ல அமலுக்கு வந்த 43பி(எச்) பிரிவுப்படி, கொடுக்கலன்னா அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரிக் கணக்குல கழிக்கவும் முடியாது. நல்ல சட்டம், பவர் டேபிள்காரருக்கு இது வேணும். ஆனா எக்ஸ்போர்ட்டர் நிலைமை? வெளிநாட்டு பையர் 90 நாள் தவணை கேட்கிறான். அவன் கையைப் பிடிக்க இந்தச் சட்டத்துல இடமில்ல. கீழே 45 நாள், மேலே 90 நாள், நடுவுல வங்கி வட்டி. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்கு மேல 50% வரி போட்டப்ப, நடுவுல மாட்டினது இதே ஆட்கள்தான்.

பாய்காட் ஹேஷ்டேக் போடலாமான்னு நம்ம அணி குரூப்லயே சிலர் கேட்டாங்க. வேண்டாம்னு சொன்னேன். பாய்காட் பண்ணா முதல்ல மெஷின் நிக்கிறது நம்ம ஷெட்லதான். ராணா பிளாசாவுக்கு அப்புறம் பங்களாதேஷ்ல வேலை செஞ்சது வேற ஒண்ணு. தொழிற்சங்கங்களும் 200க்கும் மேற்பட்ட பிராண்டுகளும் கையெழுத்துப் போட்ட, சட்டப்படி கட்டுப்படுத்துற ஒப்பந்தம். தீ, கட்டடப் பாதுகாப்புக்கான அக்கார்டு. சுவருக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் போட முடிஞ்சா, பணத்துக்கும் தேதிக்கும் போட முடியாதா? துணியை வெட்டின பிறகு கேன்சல் பண்ணா வெட்டின வரைக்கும் காசு. அப்ரூவல் எத்தனை நாள் தள்ளுதோ, ஷிப்மென்ட் தேதியும் அத்தனை நாள் தள்ளணும். இந்த ரெண்டு வரி எல்லா பர்ச்சேஸ் ஆர்டர்லயும் இருக்கணும்னு அரசாங்கம் வர்த்தகப் பேச்சுவார்த்தையில கேட்கணும், நாம அரசாங்கத்தைக் கேட்கணும். ஐரோப்பிய ஒன்றியம் 2024ல சப்ளை செயின் பொறுப்புக்குன்னே ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. அப்புறம் அமலாகுற தேதியைத் தள்ளி வைச்சுட்டாங்க. தேதியைத் தள்ளுறதுல அவங்க கெட்டிக்காரங்கன்னு நமக்குத்தான் தெரியுமே.

முன் வரிசையில ஒரு அண்ணன் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கார். "நாமளே சொந்த பிராண்ட் ஆரம்பிச்சா என்ன?" ஆரம்பிக்கணும் அண்ணே. பனியன்லயும் வேட்டியிலயும் திருப்பூர்ல இருந்தே அதைச் செஞ்சு காட்டினவங்க இருக்காங்க. ஆனா 14 மெஷின் வைச்சிருக்கிறவர் எல்லாரும் பிராண்டு ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்ல. தைக்கிறதும் ஒரு முழுத் தொழில்தான். அதுக்கு முழு மரியாதையும், சொன்ன தேதியில காசும் வேணும்.

இப்ப உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டுலயோ, தெருவுலயோ ஜாப் ஒர்க் பண்றவங்க, எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்துறவங்க இருந்தா, 2020ல இருந்து கேன்சல் ஆன, ஹோல்ட் ஆன, டெபிட் நோட் வந்த ஆர்டர் விவரத்தை வாங்கிட்டு வாங்க. பையர் பேரையும் கம்பெனி பேரையும் மறைச்சுடுங்க, அது நமக்கு வேண்டாம். ஆர்டர் போட்ட தேதி, அப்ரூவல் வந்த தேதி, ஷிப்மென்ட் தேதி, பணம் வந்த தேதி. நாலே நாலு தேதி. அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு இதே மண்டபத்துல நானும் இன்னும் ரெண்டு பேரும் லேப்டாப்போட உட்கார்ந்திருப்போம். எங்க பெரியப்பாவோட நாலு தேதியை நான் முதல் வரியில போட்டாச்சு. நாலாவது கட்டம் காலியாத்தான் இருக்கு.



– தகவல் தொழில்நுட்ப அணி
#திருப்பூர் #நாலுதேதி